பசுந்தேயிலைக் கணக்கு நீட்சியைப் பொதுவில் வைக்கும் முன்

கேள்வி: கோத்தகிரியில் ஏழு பேர் கொண்ட சிறு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். விவசாயிகளிடம் இலை வாங்கித் தூள் தயாரிக்கும் தனியார் தொழிற்சாலைகள் சிலவற்றுக்கு இஆர்பிநெக்ஸ்ட் என்ற கட்டற்ற தொழில் நிர்வாக மென்பொருளை அமைத்துக் கொடுத்திருக்கிறோம். அதன் மேல் நாங்களே எழுதிய மூன்று நீட்சிகள் ஓடுகின்றன. கொள்முதல் மையத் தராசிலிருந்து எடையை நேராகப் பதிவது ஒன்று. விவசாயி வாரியாக இலைக் கணக்கும் முன்பணமும் வைப்பது இன்னொன்று. மாத முடிவில் விலை போட்டுப் பட்டுவாடா செய்வது மூன்றாவது. இவற்றை அந்த மென்பொருளின் சமூகத்துக்கே கொடுத்துவிடலாம் என்று எனக்கு எண்ணம். பங்குதாரர் தயங்குகிறார். குன்னூரில் வேறொருவர் எடுத்து விற்றுவிடுவார் என்கிறார். தராசுப் பகுதியை எழுதிய தம்பி பகுதிநேரமாக வந்து செய்து கொடுத்தவர், இப்போது கோவையில் இருக்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கொடுங்கள். ஆனால் மூன்றையும் ஒரே நாளில், இன்று இருக்கிற நிலையிலேயே தூக்கி வைத்துவிடாதீர்கள். முதலில் தராசு. அது நிலைத்த பிறகு இலைக் கணக்கு. பட்டுவாடா கடைசி. அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய எழுத்து வேலையும் துப்புரவு வேலையும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்தால் பிறகு திரும்பப் பெற வழியில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் கட்டற்ற உரிமத்தில் ஒருமுறை வெளியிட்ட பதிப்பு வெளியிட்டதுதான். அடுத்த பதிப்பை நிறுத்தலாமே தவிர, கொடுத்ததைப் பிடுங்க முடியாது.

உங்கள் பங்குதாரரின் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் அவர் நினைப்பதைவிடக் குறைவாகவே இழக்க இருக்கிறது. இஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல் 3 உரிமத்தில் வருகிறது; அதை நீட்டி எழுதியதை ஒருவருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும் உரிமம் அது. அதற்கு அடித்தளமான ஃப்ராப்பே சட்டகம் அந்தக் கட்டாயம் இல்லாத எம்ஐடி உரிமத்தில் வருகிறது. உங்கள் இலைக் கணக்கும் பட்டுவாடாவும் இஆர்பிநெக்ஸ்ட்டின் கொள்முதல் ரசீது, கொள்முதல் பில் ஆகியவற்றின் நிரலைத் தொட்டு நீட்டி எழுதப்பட்டவையாகத்தான் இருக்கும். அப்படியானால் அவையும் ஜிபிஎல்லின் கீழ் வருகின்றன என்று வைத்துக்கொண்டு நடப்பதே பத்திரம். நிரலைத் தொழிற்சாலையின் சொந்தக் கணினியில் நிறுவிக் கொடுத்தீர்களா? அந்த நொடியே அவர்களுக்கு மூல நிரலைப் பெறவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வந்துவிட்டது. குன்னூர்க்காரர் வேண்டுமென்றால் உங்கள் வாடிக்கையாளரிடமிருந்தே முறைப்படி வாங்கிக்கொள்ளலாம். உங்கள் சர்வரில் வைத்து இணையம் வழியாக மட்டும் பயன்படுத்தக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு: ஜிபிஎல் அதை விநியோகமாகக் கொள்வதில்லை, எனவே கட்டாயம் இல்லை. ஜிபிஎல்லின் கடுமையான வடிவமான ஏஜிபிஎல் என்றால் அங்கேயும் கொடுத்தாக வேண்டும், ஆனால் இங்கே அது இல்லை.

போட்டியாளர் எடுத்து விற்பதை ஜிபிஎல் தடுக்காது. அவர் அதை மாற்றி ஒரு தொழிற்சாலையில் நிறுவினால், மாற்றிய மூலத்தையும் அந்தத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் கடமை அவருக்கும் உண்டு, அவ்வளவுதான். ஆனால் தொழிற்சாலை உங்களுக்குப் பணம் தருவது நிரலுக்காக மட்டும் அல்லவே. மஞ்சூர் பக்கம் மழையில் இணைப்பு அறுந்து, இரண்டு நாள் இலைக் கணக்கு போனிலேயே தேங்கி நிற்கும்போது யார் வந்து சரி செய்வார் என்பதற்காகவும்தான் தருகிறார்கள். அதை யாராலும் பதிவிறக்கிக்கொள்ள முடியாது.

இப்போது எழுத்து வேலை. இதை ஒரு நிரல்வரி வெளியே போகும் முன்பே முடியுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர். சம்பளப் பட்டியலில் இருக்கும் உங்கள் ஆட்கள் விஷயத்தில் சிக்கல் இல்லை. பகுதிநேரத் தம்பிதான் சிக்கல். அவர் ஊழியராக இல்லாமல் வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செய்து கொடுத்தவராக இருந்தால், பணம் கொடுத்துவிட்டதாலேயே நிரல் உங்களுடையதாகிவிடாது. எழுதியவர் அவர், எழுத்து மூலமாக மாற்றிக் கொடுக்காதவரை உரிமையும் அவரிடமே நிற்கும். பிரிவு 19-இன்படி அந்த உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், அவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இதில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் அதே பிரிவில் இருக்கிறது. ஆவணத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் மட்டுமே விலக்கு. ஆகவே எந்த நிரல், எந்தெந்த உரிமைகள், பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் காலாவதி ஆகாது, இதற்குக் கொடுத்த தொகை இவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமையை மாற்றித் தர அவருக்கு விருப்பமில்லை என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது: தராசு நீட்சி எந்த உரிமத்தில் வெளிவருகிறதோ அதே உரிமத்தில் தன் பகுதியைத் தானும் வெளியிடுவதாக அவர் எழுதிக் கொடுத்தாலே போதும். எப்படியானாலும் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருக்கட்டும். அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை.

தொழிற்சாலைகளின் வேலை ஆணைகளையும் எடுத்துப் படியுங்கள். ‘இப்பணியில் உருவாகும் அனைத்தும் வாங்குபவருக்கே சொந்தம்’ என்ற வரியை யாராவது மாதிரிப் படிவத்திலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்கள். அது இருந்தால் அந்தத் தொழிற்சாலையிடமிருந்து இசைவுக் கடிதம் வேண்டும். கேட்கும்போது ‘உங்கள் மென்பொருளை வெளியிடப் போகிறோம்’ என்று கேட்காதீர்கள். விலை விவரம், விவசாயி விவரம், ஏஜென்ட் கமிஷன் எதுவும் வெளியே போகாது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர்களுடைய கவலை அதுதான்.

அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் அடுத்த வேலை, நேரம் அதிகம் பிடிப்பதும் அதுவே. வாடிக்கையாளரின் தொழில் விவரம் நிரலுக்குள் எண்ணாக ஒளிந்திருக்கும்: ஈர இலைக்கு இத்தனை சதவீதம் கழிவு, இந்த ஏஜென்டுக்குக் கிலோவுக்கு இத்தனை காசு, முன்பணப் பிடித்தம் இவ்வளவு என்று. இவை ஒவ்வொன்றையும் நிரலிலிருந்து எடுத்து அமைப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். ஈரக் கழிவை ஒரே எண்ணாக வைக்காமல், மையம் வாரியாகவும் தேதி வாரியாகவும் வையுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டும்போது கோத்தகிரிச் சரிவில் அவ்வளவு மழை இருக்காது. இங்கே வடகிழக்குப் பருவம்தான் கனம். ஒரே தொழிற்சாலை இரண்டு பக்கமும் இலை எடுத்தால் ஒற்றை எண் யாரோ ஒரு விவசாயியை ஏமாற்றும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை சராசரி விலையும் அப்படியே: மதிப்பும் அமலாகும் மாதமும் சேர்ந்த அட்டவணையாக இருக்கட்டும். இப்படிப் பிரித்துவிட்டால், உங்கள் வாடிக்கையாளரின் ரகசியம் நீங்குவதோடு நிரல் அசாமில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்கும் பொருந்தத் தொடங்கும்.

ஃப்ராப்பேயில் வழக்கமாக விவரம் கசியும் வழி, தளத்தின் அமைப்புப் பதிவுகளை நீட்சியோடு சேர்த்து அனுப்பும் ‘ஃபிக்ஸ்சர்ஸ்’ கோப்புகள். நீட்சியின் இணைப்புகளைச் சொல்லும் ஹூக்ஸ் கோப்பில் வெறுமனே ‘கஸ்டம் ஃபீல்ட்’ (கூடுதல் புலம்) என்று எழுதி ஏற்றுமதி செய்தால், அந்தத் தளத்தில் இருக்கும் எல்லாக் கூடுதல் புலங்களும் கோப்பில் வந்து விழும். வேறு நீட்சியுடையது, வாடிக்கையாளர் தானே சேர்த்தது எல்லாமே வரும். உங்கள் மாட்யூல் பெயரை வைத்து வடிகட்டி ஏற்றுமதி செய்யுங்கள். இன்னும் நல்லது, நிறுவும்போது ஓடும் நிரலாலேயே உங்கள் புலங்களை உருவாக்கி, நீக்கும்போது அதே பட்டியலை வைத்து அகற்றுவது. ஃபிக்ஸ்சராக விட்டால் தரவுத்தளத்தைப் புதிய நிரலுக்கு ஏற்ப மாற்றும் ஒவ்வொரு மைக்ரேட்டிலும் அது மேலெழுதப்படும்; வாடிக்கையாளர் மாற்றி வைத்தது அழிந்துபோய், ஏன் அழிந்தது என்று யாருக்கும் தெரியாமல் நிற்பார்கள்.

சோதனைத் தரவுகளிலும் படங்களிலும் உண்மையான விவசாயியின் பெயர், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எதுவும் இருக்கக் கூடாது. பட்டுவாடாவுக்காகக் கொடுத்த விவரத்தை விளக்கப் படத்துக்குப் பயன்படுத்த அவர்கள் சம்மதிக்கவில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-உம் அதை ஏற்காது. பெயரை மறைத்தால் மட்டும் போதாது, ஊர் பெயரும் இலை அளவும் சேர்ந்தாலே சின்ன ஹட்டியில் (படகர் ஊரில்) ஆள் யாரென்று தெரிந்துவிடும். முழுக்கக் கற்பனைத் தரவை உருவாக்குங்கள்.

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் கிட் வரலாற்றைப் பற்றியும் ஒரு தீர்க்கமான முடிவு வேண்டும். கடைசிக் கமிட்டில் (சேமித்த மாற்றத்தில்) கடவுச்சொல்லை அழித்தாலும் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். கிட்லீக்ஸ் போன்ற கருவியால் வரலாறு முழுவதையும் தேடிப் பாருங்கள். எஸ்எம்எஸ் சேவைச் சாவியோ வங்கி இணைப்புச் சாவியோ கிடைத்தால், வரலாற்றைத் திருத்துவதற்கு முன் அந்தச் சாவியையே மாற்றிவிடுங்கள். உங்களைப் போன்ற நிலையில் வரலாற்றை வடிகட்டி வெளியிடுவதைவிட, சுத்தமான நிரலை ஒரே முதல் கமிட்டாகப் புதிய ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) வைத்து, ஆசிரியர்களின் பெயர்களைத் தனிக் கோப்பில் எழுதுவதே நல்லது. பழைய ரெப்போ உங்களிடமே இருக்கட்டும், பார்ப்பதற்கு மட்டும்.

பார்ப்பதற்கு மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிறுவனங்கள் வெளியிடும் நீட்சிகள் பாதியில் கைவிடப்படுவதற்கு முக்கியக் காரணம், வெளியே ஒரு பிரதி, உள்ளே ஒரு பிரதி என்று இரண்டு வைத்துக்கொள்வது. வாடிக்கையாளர் அவசரம் என்றதும் உள்ளே திருத்துவார்கள். வெளியே பிறகு சேர்க்கலாம் என்று விடுவார்கள். ஆறு மாதத்தில் இரண்டும் ஒட்டாது. வெளியே இருப்பது மட்டுமே மூலமாக இருக்க வேண்டும். தொழிற்சாலைக்கென்று தனியாக வேண்டியதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு சிறு தனி நீட்சியாக எழுதி, பொது நீட்சியின் மேல் நிறுவுங்கள். உங்கள் சொந்த வாடிக்கையாளர்களும் பொது ரெப்போவின் குறியிட்ட பதிப்பிலிருந்தே எடுக்கட்டும். இஆர்பிநெக்ஸ்ட்டின் மைய நிரலை எங்காவது நேரடியாகத் திருத்தி வைத்திருந்தால் அதையும் இப்போதே வெளியே எடுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் பென்ச் அப்டேட் கட்டளையை ரீசெட்டோடு ஓட்டினால் அந்தத் திருத்தம் சத்தமில்லாமல் போய்விடும். ஆவண வகையின் நிரல் வரையறையான கிளாஸையே மாற்றி எழுதும் முறையையும் முடிந்தவரை தவிர்த்து, ஆவணம் சேமிக்கப்படுவது போன்ற நேரங்களில் உங்கள் நிரலை ஓட்டும் ‘டாக் ஈவென்ட்ஸ்’ வழியாகச் செய்யுங்கள். ஒரே கிளாஸை இரண்டு நீட்சிகள் மாற்றினால் கடைசியாக நிறுவியதுதான் செல்லும். உங்கள் நீட்சியை நிறுவியவருக்கு வேறு ஏதோ உடைந்துபோகும், பழி உங்கள் மேல் வரும்.

பாதுகாப்பு. மூடிய நிரலில் இருந்த ஓட்டை திறந்த அன்றைக்கு எல்லோர் கண்ணிலும் படும், அதே ஓட்டை உங்கள் எல்லா வாடிக்கையாளர் தளத்திலும் இருக்கும். உள்நுழையாதவருக்கும் அனுமதி தரும் ‘அலவ் கெஸ்ட்’ எங்கெல்லாம் இருக்கிறது, அனுமதிச் சோதனையைத் தாண்டிப் போகும் ‘இக்னோர் பெர்மிஷன்ஸ்’ எங்கெல்லாம் இருக்கிறது, தரவுத்தளத்தைக் கேட்கும் எஸ்க்யூஎல் வாசகத்துக்குள் பயனர் தந்த எழுத்தை நேராக ஒட்டியது எங்கே என்று மூன்றையும் தேடுங்கள். கொள்முதல் மைய போனிலிருந்து வரும் பதிவை வாங்கும் இடத்தில் இவற்றில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம். அவசரத்தில் எழுதிய இடம் அதுவாகத்தான் இருக்கும். வரிசை முக்கியம்: திருத்தத்தை முதலில் எல்லா வாடிக்கையாளர் தளங்களிலும் ஏற்றுங்கள், அதன் பிறகே வெளியிடுங்கள்.

தராசை முதலில் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம், அது தேயிலையோடு நிற்காது. பால் சங்கம், ஏலக்காய், காபி, காய்கறி மண்டி என்று எடை போட்டு ஆள் வாரியாகக் கணக்கு வைக்கும் எல்லோருக்கும் அது வேண்டும். அதை இஆர்பிநெக்ஸ்ட் எதையும் தொடாமல் ஃப்ராப்பேயை மட்டும் நம்பி நிற்கும்படி பிரித்தால் எம்ஐடி உரிமத்தில் வெளியிடலாம்; வேறு மென்பொருள்காரர்களும் தயங்காமல் எடுப்பார்கள். இலைக் கணக்கை ஜிபிஎல் 3-இல் வையுங்கள்.

தராசுகளின் பின்னால் இருக்கும் ஆர்எஸ் 232 என்ற கம்பி இணைப்பு பெரும்பாலும் 9600 பாட் வேகத்தில், 8 பிட், பாரிட்டி இல்லாமல், 1 ஸ்டாப் பிட்டில் பேசும். ஆனால் அது அனுப்பும் எழுத்துச்சரம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சில தொடர்ந்து அனுப்பும், சில பிரின்ட் பொத்தானை அழுத்தினால்தான், சில கேட்டால்தான். ஆகவே சரத்தை எடையாக மாற்றும் பகுதியைத் தனிச் செயல்கூறாக்கி, ஒவ்வொரு மாடலிலிருந்தும் எடுத்த உண்மையான சரங்களைக் கோப்பில் வைத்து, அவற்றையே சோதனையாக ஓட்டுங்கள். வெளியில் இருந்து ஒருவர் உங்களுக்குத் தரப்போகும் முதல் உதவி அநேகமாக அவருடைய தராசின் சரமாகத்தான் இருக்கும். வாங்கிச் சேர்ப்பதற்கு இடம் இப்போதே தயாராக இருக்கட்டும்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. இணைப்பு திறக்கும்போது சரத்தின் நடுவில் இருந்து படித்து 48.60-ஐ 8.60 என்று எடுப்பது. முடிவுக் குறி ஒருமுறை வரும்வரை வந்ததைத் தள்ளிவிட்டுப் பிறகு படிக்க வேண்டும். மூட்டை ஆடிக்கொண்டிருக்கும்போதே எடையைப் பிடிப்பது; தராசு நிலைத்த குறி அனுப்பினால் அதை நம்பலாம், அனுப்பாவிட்டால் அடுத்தடுத்து ஐந்து முறை ஒரே எண் வந்தால் மட்டும் ஏற்கலாம். மூன்றாவது, சாக்கு எடையையும் ஈரக் கழிவையும் கழித்து நிகர எடையை மட்டும் சேமிப்பது. தராசு காட்டியது, சாக்கு, கழிவு, நிகரம் நான்கும் தனித்தனிப் புலமாக இருந்தால்தான், தகராறு வரும்போது தராசில் விவசாயி பார்த்த எண்ணைத் திரும்பக் காட்ட முடியும். உலாவி வழியாகத் தராசைப் படிக்கும் வெப் சீரியல் வசதியை நீங்கள் பயன்படுத்தினால், அது கணினியில் குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளில் வேலை செய்யும். தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க வேண்டும் அல்லது அதே கணினியில் ஓட வேண்டும். இதை நிறுவல் குறிப்பின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

சிக்னல் இல்லாத மையங்களில் போனில் பதிந்து பிறகு அனுப்பும் ஏற்பாட்டில், ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே ஒரு தனி அடையாளம் உருவாகி, சர்வரில் அது இரண்டாம் முறை வந்தால் புதுப் பதிவாகாமல் பழையதையே திருப்பித் தர வேண்டும். இது இல்லாவிட்டால் பாதியில் அறுந்த இணைப்பு மறுபடி அனுப்பும்போது ஒரே மூட்டை இரண்டு முறை ஏறும். போன் சொன்ன நேரத்தையும் சர்வருக்கு வந்த நேரத்தையும் இரண்டையும் வையுங்கள். போன் கடிகாரம் தவறினால் மாத முடிவில் எடுத்த இலை அடுத்த மாத விலைக்குப் போய்விடும்.

ரெப்போவில் வேண்டியவை அதிகம் இல்லை. முழு உரிம வாசகம், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உரிமத்தின் பெயரைச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் என்ற ஒரு வரிக் குறி, எந்த ஃப்ராப்பே பதிப்புக் கிளையில் ஓடும் என்ற ஒரு வரி, நிறுவும் நீக்கும் கட்டளைகள், ஓட்டை கண்டால் எந்த முகவரிக்கு எழுதுவது என்ற குறிப்பு. வெளியிலிருந்து வரும் நிரலுக்குக் கனமான ஒப்பந்தம் கேட்காதீர்கள். லினக்ஸ் கர்னலில் 2004 முதல் இருக்கும் டிசிஓ முறைப்படி, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்பதற்குக் கமிட்டில் கையொப்ப வரி ஒன்று போதும். பெயர் வைக்கும்போது இஆர்பிநெக்ஸ்ட் என்பதை உங்கள் நீட்சியின் பெயராக்க வேண்டாம், அது வணிகக் குறி. விளக்கத்தில் ‘இஆர்பிநெக்ஸ்ட்டுக்கான’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

மைய மென்பொருளிலேயே நீங்கள் கண்டுபிடித்துத் திருத்திய பிழைகள் இருந்தால் அவற்றை நீட்சிக்குள் சுமக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அடுத்த பதிப்பு உருவாகும் டெவலப் கிளைக்கு, சோதனையோடு அனுப்புங்கள். இலைக் கொள்முதலையே மையத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் ஏற்க மாட்டார்கள், ஏற்காததும் சரிதான். இந்திய ஜிஎஸ்டி வசதியே 14-ஆம் பதிப்பில் மையத்திலிருந்து பிரிந்து இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற தனி நீட்சியாகிவிட்டது. அதைப் பராமரிப்பதும் ஒரு தனி நிறுவனம்தான். உங்களுக்கு அருகில் இருக்கும் நல்ல முன்மாதிரி அது, நிரலைத் திறந்து படியுங்கள்.

ஆள் நேரத்தைப் பங்குதாரரிடம் முன்கூட்டியே பேசி முடியுங்கள். வாரத்தில் அரை நாள் ஒருவருக்கு இதுவே வேலை என்று ஒதுக்குங்கள். ரெப்போவின் முழு அனுமதி குறைந்தது இருவரிடம் இருக்கட்டும். வரும் கேள்விக்கு ஒரு வாரத்துக்குள் ‘பார்த்தோம்’ என்றாவது பதில் போக வேண்டும். இலை குவியும் மாதங்களில் முடியாது என்றால் அதை முகப்பிலேயே எழுதிவிடலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

பட்டுவாடா நீட்சியைக் கடைசிக்குத் தள்ளியது ரகசியத்துக்காக அல்ல. விலை போடும் முறை ஊருக்கு ஊர் மாறும். முதல் இரண்டையும் வேறு இடத்தவர் நிறுவிக் கேள்வி கேட்ட பிறகுதான் அதில் எது பொது, எது நீலகிரிக்கு மட்டும் என்று உங்களுக்கே தெளியும். ஓராண்டு பாருங்கள். வெளியாட்கள் ஒருவரும் வராவிட்டால் அதை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். தராசும் இலைக் கணக்கும் அப்போதும் உங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சோதனைகளோடும் சுத்தமான பிரிவினையோடும் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த பெரிய பதிப்புக்கு மாற்றும் வேலையும் இப்போதைவிடக் குறைவாக இருக்கும். பங்குதாரரிடம் இந்தக் கணக்கையும் சேர்த்துக் காட்டுங்கள்.